கொழும்பில் மருத்துவ மாதுவைத் தெரிவு செய்யலாமா? தெஹிவளைத் தங்கச்சிக்கு ஒரு பதில்

ஆசிரியருக்கு,

போன ஞாயிறு வாசகர் பக்கத்தில் தெஹிவளையிலிருந்து ஒரு தங்கச்சி எழுதிய கடிதத்துக்குப் பதிலாக இதை எழுதுகிறேன். ரொறன்ரோவில் இருக்கும் அவருடைய அக்கா தனக்குப் பிடித்த ஒரு மருத்துவ மாதுவை, அதாவது மிட்வைஃபை, தானே தெரிவு செய்து, கர்ப்பம் முழுக்க அவரிடமே காட்டி, பிள்ளை பிறக்கும்போதும் அவரே பக்கத்தில் நின்றாராம். கொழும்பில் அப்படி ஒருவரை எப்படிக் கண்டுபிடிப்பது, யாரிடம் விசாரிப்பது, எவ்வளவு காசு வரும் என்று கேட்டிருந்தார். நல்ல கேள்வி. யாராவது விவரமாகப் பதில் எழுதுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வந்த பதில்களோ இந்தத் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போங்கோ, அந்த டொக்டரிடம் காட்டுங்கோ, அவருடைய கை ராசியான கை என்பதோடு முடிந்துவிட்டன. அந்தப் பிள்ளை டொக்டரைப் பற்றிக் கேட்கவே இல்லை.

முதலில் அக்காவின் ஊர்க் கதையைப் பார்ப்போம். ஒன்ராறியோ மாகாணத்தில் 1994 முதல் மருத்துவ மாதுக்கள் சட்டப்படி பதிவு பெற்றுச் சுயமாகத் தொழில் செய்கிறார்கள். கர்ப்பம் என்று தெரிந்ததும் குடும்ப டொக்டரின் கடிதம் எதுவும் இல்லாமல் நேராக அவர்களுக்குப் போன் எடுத்துப் பதியலாம், செலவை மாகாண அரசு ஏற்கும், பிரசவம் ஆஸ்பத்திரியிலா வீட்டிலா என்பதையும் அவர்களோடு கதைத்துத் தீர்மானிக்கலாம், பிள்ளை பிறந்து ஆறு கிழமை வரைக்கும் தாயையும் பிள்ளையையும் அவர்களே பார்ப்பார்கள். ஏதாவது சிக்கல் என்று கண்டால் விசேட வைத்தியரிடம் ஒப்படைத்துவிடுவார்கள். இங்கிலாந்திலும் கர்ப்பிணிகள் நேராக மருத்துவ மாதுக்களிடம் பதியலாம்.

ஒரே மருத்துவ மாதுவோ ஒரு சின்னக் குழுவோ தொடக்கத்திலிருந்து கடைசி வரை பார்க்கும் இந்த முறையைப் பற்றி 2016 இல் வெளிவந்த, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கும் கொக்ரேன் மீளாய்வு ஒன்று 15 ஆய்வுகளை, 17,000 க்கும் மேற்பட்ட பெண்களை எடுத்துப் பார்த்திருக்கிறது. ஆயுதம் போட்டு எடுக்கும் பிரசவம் குறைவு, முதுகில் ஊசி போட்டு விறைக்க வைப்பது குறைவு, குறைமாதப் பிள்ளைகளும் குறைவு என்று வந்தது. வயிற்றை வெட்டிப் பிள்ளையை எடுக்கும் சீசரில் மட்டும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே அக்கா சொன்னது வெறும் வெளிநாட்டுப் பெருமை இல்லை, அதில் விஷயம் இருக்கிறது. ஆனால் அந்த ஆய்வுகள் அவுஸ்திரேலியா, பிரித்தானியா, கனடா போன்ற நாடுகளில் நடந்தவை. அங்கே சட்டமும் சம்பளமும் ஆஸ்பத்திரியும் அந்த முறைக்கு ஏற்றபடி அமைந்திருக்கின்றன. அதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து கொழும்புக் காலி வீதியில் தேடினால் கிடைக்காது.

இங்கே மருத்துவ மாதுக்கள் இல்லை என்பதல்ல கதை. தாராளமாக இருக்கிறார்கள், நூறு வருடத்துக்கும் மேலாக இருக்கிறார்கள். கொழும்பு டி சொய்சா மகப்பேற்று மனை 1879 இல் திறக்கப்பட்டது. 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு ஆரம்பித்த பிறகு மருத்துவ மாது ஆஸ்பத்திரிக் கட்டிலை விட்டிறங்கி வீடு வீடாகப் போகத் தொடங்கினார். 1930 களில் இந்த நாட்டில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 2000 அளவில் தாய்மார் இறந்தார்கள். இப்போது சாதாரண வருடங்களில் அது முப்பது அளவில் நிற்கிறது. மலேரியாவைக் கட்டுப்படுத்தியது, பெண் பிள்ளைகளைப் படிப்பித்தது, இலவச ஆஸ்பத்திரி, இரத்த வங்கி என்று பல காரணங்கள் சேர்ந்துதான் இது நடந்தது. ஆனால் குடையும் பையுமாக ஒழுங்கைக்குள் நடந்து வந்த அந்தப் பெண்களை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்லவே முடியாது. அந்தக் காலத்தில் வீட்டுப் பிரசவத்தையும் அவர்களே பார்த்தார்கள். இப்போது நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பிரசவத்துக்கும் மேல் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது, ஆகவே அவர்களுடைய வேலை பிரசவத்துக்கு முந்திய மாதங்களுக்கும் பிந்திய கிழமைகளுக்கும் மாறிவிட்டது.

இதுதான் தங்கச்சி முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது. நம்முடைய முறையில் மருத்துவ மாது இரண்டு ஆட்கள். ஒருவர் உங்கள் பகுதிக்குப் பொறுப்பானவர், கடதாசியில் குடும்ப நல உத்தியோகத்தர் என்று இருக்கும், சனம் மிஸ் என்று கூப்பிடும். மற்றவர் ஆஸ்பத்திரியின் பிரசவ அறையில் வேலை செய்பவர். முதலாமவர் உங்கள் முகவரிப்படி வருகிறார், இரண்டாமவர் அன்றைய வேலை நேரப்படி வருகிறார். காசு கட்டி, ஒருவரையே இரண்டு இடத்துக்கும் கூட்டிக்கொண்டு போகும் வழி இங்கே இல்லை. தனியாகத் தொழில் நடத்தும் மருத்துவ மாதுக்களின் அமைப்பு என்று ஒன்றும் இங்கே வளரவில்லை. அது ஒரு குறைதான், வளர்ந்திருக்கலாம் என்பதுதான் என் எண்ணமும். ஆனால் ஒருவருக்கு இப்போது நாலாம் மாதம் என்றால் அந்த எண்ணத்தால் அவருக்கு என்ன பிரயோசனம்?

அப்படியானால் தெரிவு செய்ய ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. ஆனால் நம்முடைய ஆட்கள் அந்த இடத்தைப் பார்ப்பதே இல்லை. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி அடுக்குமாடிகளில் இருக்கும் குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள். வீஓஜி, அதாவது மகப்பேற்று விசேட வைத்தியர், யார் என்பது இரண்டாம் மாதமே முடிவாகியிருக்கும், எந்த ஆஸ்பத்திரி, எந்த மாடி, அறைக்குக் குளிரூட்டி இருக்கிறதா, வரும் ஆட்கள் உட்கார செற்றி இருக்கிறதா என்பது வரைக்கும் விசாரித்து வைத்திருப்பார்கள். உங்கள் பகுதி மிஸ் யார் என்று கேட்டால் முழிப்பார்கள். அது ஏழைகளுக்கு என்று ஒரு நினைப்பு. கிளினிக்கில் கொடுக்கும் திரிபோஷா சத்துமா வாங்குகிற ஆட்களுக்கு என்று ஒரு நினைப்பு. மட்டக்குளி, முகத்துவாரம், கிராண்ட்பாஸ் பக்கத்தில் தோட்டம் என்று சொல்லும் நெருக்கமான குடியிருப்புகளில் இருக்கும் பெண்களுக்கு மிஸ்ஸின் பெயர், போன் நம்பர், கிளினிக் நாள், அவருடைய குணம் எல்லாம் தெரியும். இந்த விஷயத்தில் காசு உள்ளவர்களை விட அவர்களுக்குத்தான் விவரம் அதிகம் என்று நான் துணிந்து சொல்வேன்.

இதில் இன்னொரு பகிடி இருக்கிறது. மிஸ் வரவில்லை, யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்று குறை சொல்லும் அடுக்குமாடிகளில் பாதியில் அவரை வாசலிலேயே செக்யூரிட்டி நிறுத்திவிடுகிறார். எந்த வீட்டு நம்பர், யாரைப் பார்க்க வேண்டும், சொல்லி வைத்திருக்கிறார்களா என்று ஆயிரம் கேள்வி. இன்டர்கொமில் கூப்பிட்டால் மேலே இருக்கும் அம்மம்மா ஏதோ சாமான் விற்க வந்தவர் என்று நினைத்து வேண்டாம் என்கிறார். மிஸ்ஸுக்கென்று ஒதுக்கியிருப்பது மூவாயிரம் முதல் ஐயாயிரம் பேர் வரை உள்ள ஒரு பகுதி, ஆட்பற்றாக்குறை இருக்கும்போது பக்கத்துப் பகுதியும் அவர் தலையில்தான். இதற்குள் ஒரே கட்டடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து கெஞ்சுவாரா?

ஆகவே தேடிப் போக வேண்டியது நாங்கள்தான். கொழும்பு மாநகர சபை எல்லைக்குள் இருந்தால் மாநகர சபையின் பொதுச் சுகாதாரப் பிரிவு நடத்தும் தாய் சேய் கிளினிக்குகள் இருக்கின்றன. நகர மண்டபத்தில் விசாரித்தாலே உங்கள் வீதிக்கு எது என்று சொல்வார்கள். தெஹிவளை என்றால் அது வேறு எல்லை, அந்தப் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போக வேண்டும். கிராம சேவகரிடம் கேட்டாலும் தெரியும், அதை விடச் சுகமான வழி அதே ஒழுங்கையில் கைப்பிள்ளையோடு இருக்கும் யாரையாவது கேட்பது. எட்டுக் கிழமைக்குள் பதிந்துவிடுவது நல்லது. மூன்று மாதம் முடிய மட்டும் யாருக்கும் சொல்லக்கூடாது, கண்ணூறு பட்டுவிடும் என்று மாமிமார் சொல்வார்கள், சரி, ஊருக்குச் சொல்ல வேண்டாம், மிஸ்ஸுக்குச் சொல்லுங்கோ. ஏனென்றால் போலிக் அசிட் குளிசையின் வேலை ஆரம்பக் கிழமைகளில்தான். உண்மையில் பிள்ளைக்கு யோசிக்கும்போதே தொடங்க வேண்டிய குளிசை அது.

பதிந்தால் என்ன கிடைக்கும்? 512 என்று எல்லாரும் சொல்லும் கர்ப்பிணிப் பதிவேடு கிடைக்கும், ஒரு பிரதி உங்களிடம், ஒன்று அவர்களிடம். உயரம், நிறை, பிரஷர், சலத்தில் அல்புமின், இரத்த வகை, ஹீமோகுளோபின், சீனி எல்லாம் அதில் ஏறும். எச்ஐவி, சிபிலிஸ் பரிசோதனையும் எல்லாத் தாய்மாருக்கும் செய்கிறார்கள். இதைக் கேட்டவுடன் சில வீடுகளில் முகம் சுருங்கும், எங்களைப் பார்த்து அப்படி நினைக்கிறீங்களா என்று. யாரையும் எதுவும் நினைக்கவில்லை அம்மா, எல்லாருக்கும் செய்ததால்தான் தாயிடமிருந்து பிள்ளைக்கு இந்த இரண்டும் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை உறுதிப்படுத்தியது. இரும்புச்சத்து, கல்சியம் குளிசைகள், பூச்சி மருந்து, ஏற்பு ஊசி எல்லாம் அங்கேயே. வீஓஜியிடம் காட்டிக்கொண்டே இதையும் செய்யலாம். ஒன்றைச் செய்தால் மற்றது கூடாது என்று ஒரு சட்டமும் இல்லை, டொக்டர் கோபிக்கவும் மாட்டார்.

மிஸ்ஸை நாங்கள் தெரிவு செய்ய முடியாது என்பது உண்மை, ஆனால் எந்தப் பகுதி மிஸ் என்பதில் நம் கையில் கொஞ்சம் இருக்கிறது. நம்முடைய பெண்களில் பலர் ஏழாம் எட்டாம் மாதத்தில் தாய் வீட்டுக்குப் போகிறார்கள், யாழ்ப்பாணமோ மட்டக்களப்போ ஹட்டனோ. இதை ஆரம்பத்திலேயே யோசித்து இரண்டு பக்கமும் சொல்லி வைக்க வேண்டும். இங்கே பதிந்துவிட்டு, போகும்போது இங்குள்ள மிஸ்ஸிடம் சொல்லி, 512 ஐக் கையோடு கொண்டுபோய் அங்கே போனவுடன் அந்தப் பகுதி மிஸ்ஸைப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் கொழும்பு முகவரியில் பெயர் இருக்கும், ஆள் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இருப்பார், இரண்டு இடத்திலும் ஒருவரும் பார்க்காமல் கடைசி மாதம் ஓடிவிடும். பிரஷர் ஏறுவது பெரும்பாலும் அந்தக் கடைசி மாதங்களில்தான்.

முதல் சந்திப்பில் நிறையக் கேளுங்கள். அவருக்கும் அது பிடிக்கும், சும்மா தலையாட்டும் ஆட்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நான் என்றால் முதலில் கேட்பது இதைத்தான்: எந்த அறிகுறி வந்தால் உங்களுக்குப் போன் எடுக்க வேண்டும், எது வந்தால் உங்களையும் கேட்காமல் நேராக ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்? இதற்குத் தயங்காமல் தெளிவாகப் பதில் சொல்கிறவர் நல்ல மருத்துவ மாது, அவ்வளவுதான். இரத்தம் படுதல், விடாத தலையிடி, கண் மங்குதல், முகமும் கையும் திடீரென வீங்குதல், வலிப்பு, தண்ணீர் உடைதல், காய்ச்சல், பிள்ளையின் துடிப்பு, அதாவது வயிற்றுக்குள் அசைவது, குறைதல், இதெல்லாம் அவர் சொல்லாவிட்டாலும் தெரிந்திருக்க வேண்டும். துடிப்பு எண்ணச் சொல்லிக் கொடுப்பார். பன்னிரண்டு மணித்தியாலத்தில் பத்துக்குக் குறைந்தால் விடியட்டும் என்று பார்க்காமல் போகச் சொல்வார். பகல் முழுக்க நன்றாகத் துடித்த பிள்ளை திடீரென்று அடங்கிவிட்டால் எண்ணி முடிக்கும் வரைக்கும்கூட இருக்க வேண்டாம். வாகனம் இல்லையென்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ், அது இலவசம். பிறகு, அவர் லீவில் இருந்தால் யாரைக் கேட்பது, வீட்டுக்கு எப்போது வருவார், எந்த ஆஸ்பத்திரியின் பிரசவ அறையைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதையும் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு வாயால் பதில் சொல்ல மாட்டார், முகத்தைப் பார்த்தால் விளங்கும்.

சரிவராத மிஸ் வந்தால்? நடக்கும். எல்லாரும் தங்கம் என்று நான் சொல்லவில்லை. நிறை கூடிவிட்டது என்று பத்துப் பேருக்கு முன்னால் ஏசுகிறவர்கள் இருக்கிறார்கள், மூன்றாவது பிள்ளை என்றால் இது எதற்கு என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். அவருக்கு மேலே பொதுச் சுகாதாரத் தாதிய சகோதரி இருக்கிறார், அதற்கு மேலே சுகாதார வைத்திய அதிகாரி இருக்கிறார். அங்கே போய் மரியாதையாகச் சொன்னால் கேட்பார்கள். நம் ஆட்கள் அதைச் செய்யாமல் கிளினிக்குக்குப் போவதையே நிறுத்திவிடுவார்கள். நட்டம் யாருக்கு?

இனி நான் எழுத வந்ததில் முக்கியமானது. மொழி. கொழும்பு மாநகர எல்லைக்குள் தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்தால் பாதிக்கு மேல். கிளினிக் வாங்கில் இருப்பவர்களில் பெரும்பகுதி தமிழ் கதைக்கிறவர்கள். மேசைக்கு அந்தப் பக்கத்தில் தமிழ் கதைக்கிறவர் எத்தனை பேர்? நான் இருக்கும் கொட்டாஞ்சேனைப் பக்கத்திலேயே என் தங்கையோடு போன ஒரு கிளினிக்கில், பெயர் வேண்டாம், மருத்துவ மாது உண்மையிலேயே தங்கமான மனிசி, சிரித்த முகம், கைபட்டால் நோகாது. ஆனால் அவருக்குத் தமிழ் வராது. எங்களுக்குச் சந்தைச் சிங்களம் வரும், விலை பேசலாம், பஸ்ஸில் இறங்கலாம். பிள்ளை இறங்கி வருவது, வெள்ளை படுவது, மூலம், மலச்சிக்கல், இரவில் புருஷனோடு படுக்கலாமா என்பதெல்லாம் எந்தச் சிங்களத்தில் கேட்பது? அங்கே துடைத்துக் கூட்ட வரும் ஒரு அக்காதான் மொழிபெயர்த்தார். அவர் பாவம், நல்ல மனதோடு உதவிக்கு வந்தவர், ஆனால் சலத்தில் சீனி இருக்கிறது என்று மிஸ் சொன்னதை, சீனி சாப்பிட வேண்டாமாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். திரும்ப வந்து இரத்தம் சோதிக்கச் சொன்னது நடுவில் காணாமல் போய்விட்டது. நான் 512 ஐத் திருப்பிப் பார்த்து ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை வாசித்ததால் அது தப்பியது. வாசிக்கத் தெரியாத ஒருவர் வந்திருந்தால்?

1987 ஆம் ஆண்டு 13 ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி. பெயர்ப்பலகையில் மூன்று மொழியும் பளபள என்று இருக்கிறது. மருத்துவ மாது வேலை பலகையில் நடப்பதில்லை, வாயால் நடக்கிறது. மருந்து அரைவாசி, கதை அரைவாசி. வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் படித்த எத்தனை பிள்ளைகள் ஏ எல் பரீட்சை எழுதிவிட்டு வேலை தேடித் திரிகிறார்கள், பதினெட்டு மாதப் பயிற்சி, மாதச் சம்பளம், ஓய்வூதியம் உள்ள வேலை இது. கொழும்புக்கென்று தமிழ் தெரிந்தவர்களைக் குறிப்பிட்டு எடுக்கவும், இப்போது இருக்கும் மிஸ்மாருக்குப் பிரசவம் பற்றிக் கதைக்கக்கூடிய தமிழை மட்டுமாவது படிப்பிக்கவும் என்ன தடை? மொழிப் பரீட்சை பாஸ் பண்ணினால் கொடுப்பனவு என்ற கதை எனக்கும் தெரியும். அந்தப் பரீட்சையில் கடிதம் எழுதப் படிப்பிக்கிறார்கள், முக்கச் சொல்லவும் மூச்சு விடச் சொல்லவும் படிப்பிப்பதில்லை. நம் பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மகளுக்கு மருத்துவ மாது வேலை கிடைத்தால் நேர்ஸ் கிடைக்கவில்லையா என்று கேட்கிற பழக்கத்தை விடுங்கோ.

தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் இதெல்லாம் எங்களுக்கு இல்லை என்று நினைக்க வேண்டாம். வீஓஜியைத் தெரிவு செய்துவிட்டால் அவர் பிரசவ நோ தொடங்கியதிலிருந்து பக்கத்தில் நிற்பார் என்று பலர் நம்புகிறார்கள். அவர் வருவது பெரும்பாலும் கடைசிக் கட்டத்துக்கு. அதற்கு முந்திய நீண்ட மணித்தியாலங்கள் முழுக்க உங்களோடு இருப்பது மருத்துவ மாதுவும் தாதியும்தான். ஆகவே காசு கட்ட முதல் கேட்க வேண்டியது அறையில் குளிரூட்டி இருக்கிறதா என்பதல்ல. இரவு வேலையில் பதிவு பெற்ற மருத்துவ மாது இருக்கிறாரா, தமிழ் கதைக்கும் ஆள் இருக்கிறாரா, அம்மாவோ புருஷனோ பக்கத்தில் நிற்கலாமா, நடக்கவும் இருக்கவும் விடுவார்களா அல்லது கட்டிலிலேயே படுக்க வேண்டுமா, நோ வரவைக்கும் மருந்து ஏற்றுவதை யார் எந்தக் காரணத்துக்குத் தீர்மானிப்பார், பிள்ளையைப் பிறந்தவுடன் நெஞ்சில் போட்டு முதல் மணித்தியாலத்துக்குள் பால் கொடுக்க விடுவார்களா. இந்த நாட்டில் மூன்றிலொரு பிரசவத்துக்குக் கிட்டச் சீசர் என்று 2016 ஆம் ஆண்டுக் குடித்தொகை சுகாதார ஆய்வில் வந்தது. தேவைக்குச் சீசர் உயிரைக் காக்கும், அதில் கேள்வி இல்லை, நாள் நட்சத்திரம் பார்த்து வெட்டச் சொல்வதுதான் எனக்குப் பிடிக்காது. அரசாங்க ஆஸ்பத்திரியிலும் துணைக்கு ஒருவரை விடும் வழக்கம் இப்போது பல இடங்களில் இருக்கிறது, இடவசதியைப் பொறுத்தது, பெரும்பாலும் பெண்களைத்தான் விடுவார்கள். கேட்காமல் கிடைக்காது, ஆகவே முன்கூட்டியே கேளுங்கள்.

வீட்டில் பிரசவம் என்று யாராவது யூடியூப் பார்த்துவிட்டு ஆசைப்பட்டால், வேண்டாம். ஒன்ராறியோவில் அதைச் செய்யும் மருத்துவ மாதுவுக்குப் பின்னால் மருந்துப் பையும், அம்புலன்ஸும், ஆஸ்பத்திரியோடு ஒழுங்கான ஏற்பாடும் இருக்கின்றன. இங்கே அப்படி ஒரு ஏற்பாடும் இல்லை. பிள்ளை பிறந்த பிறகு இரத்தம் நிற்காமல் போனால் மருதானைச் சந்தி நெரிசலில் என்ன செய்வது? அதேபோல, பிள்ளை குளிப்பாட்ட, பத்தியம் பார்க்க என்று நாட்கூலிக்கு வரும் அம்மாமாரில் சிலர் தங்களை மிட்வைஃப் என்று சொல்லிக்கொள்கிறார்கள். குளிப்பாட்டட்டும், எண்ணெய் பூசட்டும். மருந்து சொல்லவோ வயிற்றைத் திருப்பவோ வெளிக்கிட்டால் இலங்கை மருத்துவ சபைப் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். உண்மையான மருத்துவ மாதுவுக்கு அந்தப் பதிவு இருக்க வேண்டும். கேட்டால் கோபிக்கிறவர் வேண்டாம்.

பிள்ளை பிறந்த பிறகுதான் மிஸ்ஸின் அருமை தெரியும். பதிந்திருந்தால் முதல் ஐந்து நாளுக்குள் ஒரு முறை, பத்தாம் நாளுக்குள் இன்னொரு முறை, பிறகு இரண்டாம் மூன்றாம் கிழமையில், அப்புறம் நாற்பத்திரண்டாம் நாளை ஒட்டி என்று அவர் வீட்டுக்கு வர வேண்டும் என்பது ஒழுங்கு. தையல் ஆறுகிறதா, பால் கட்டியிருக்கிறதா, பிள்ளை மஞ்சளாக இருக்கிறதா, தாய் காரணமில்லாமல் அழுகிறாளா என்று பார்ப்பார். பெருங்காசு கட்டிய ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவரும் உங்கள் வீட்டு மாடி ஏறி வந்து இதைப் பார்க்க மாட்டார்கள். நம் வீடுகளில் அது துடக்குக் காலம், 31 ஆம் நாள் கழிய மட்டும் வெளி ஆட்கள் வருவதை விரும்பாதவர்களும் உண்டு. மிஸ்ஸை விடுங்கோ. பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுக்கக்கூடாது, வயிறு தொங்கும் என்று தாகத்தில் வைத்திருப்பதையும், தொப்புளில் பவுடர் போடுவதையும், பால் காணாது என்று மூன்றாம் நாளே மாப்பால் கரைப்பதையும் மகளோ மருமகளோ எதிர்த்துக் கதைக்க முடியாது, மிஸ் சொன்னால் அம்மம்மாவும் கேட்பார். சரக்குத் தூள் கறி, மீன், முருங்கைக்காய் எல்லாம் நல்லதுதான், அதை ஒரு மிஸ்ஸும் வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுப்பதில் இந்த நாடு பேர் பெற்றதற்கு இந்த வீட்டு வருகைகள் ஒரு பெரிய காரணம்.

சுகாதார அமைச்சும் மாநகர சபையும் இதை வாசித்தால், பெரிய செலவில்லாத சில வேலைகள் இருக்கின்றன. எந்த வீதிக்கு எந்தக் கிளினிக், எந்த நாள், யார் பொறுப்பு, எந்த நம்பர் என்று ஒரு பட்டியலைத் தமிழில் ஒட்டுங்கள், போடுங்கள். வேலைக்குப் போகும் பெண்களுக்காக மாதத்தில் ஒரு சனிக்கிழமையாவது கிளினிக் வையுங்கள். கடையில் நிற்கும் பிள்ளை அரைநாள் சம்பளத்தை வெட்டக் கொடுத்துவிட்டு எத்தனை முறை வருவாள்? அடுக்குமாடி நிர்வாகங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பி மிஸ்மாரை உள்ளே விடச் சொல்லுங்கள். ஆசிரியரே, அந்தப் பட்டியல் கிடைத்தால் உங்கள் பத்திரிகையில் ஒரு மூலையில் மாதம் ஒரு முறை போடுங்கள், ராசிபலனுக்குப் பக்கத்தில் போட்டால் எல்லார் கண்ணிலும் படும்.

தங்கச்சி கடைசியாகக் கேட்டது காசு. கிளினிக்கிலும் வீட்டு வருகையிலும் ஒரு சதமும் இல்லை. யாராவது கேட்டால் கொடுக்க வேண்டாம். எந்த மாதம் என்று எழுதவில்லை, 24 முதல் 28 கிழமைக்குள் என்றால் சீனிப் பரிசோதனைக்கு வரச் சொல்வார்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடாமல் காலையில் போய், குளுக்கோஸ் குடித்து, மூன்று முறை இரத்தம் கொடுக்க இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இருக்க வேண்டி வரும். தலை சுற்றும், துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், முடிந்தவுடன் சாப்பிட ஒரு பணிஸையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13